பிரஷர் மாத்திரையும் மூன்று மாத வறட்டு இருமலும்

வணக்கம் சார். மூன்று மாதமாக வறட்டு இருமல், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, நான்கு சிரப் குடித்தும் பலனில்லை என்கிறீர்கள். பிரஷருக்கு ராமிப்ரில் போடுவதாகக் கடைசி வரியில் எழுதியிருப்பதுதான் என் கண்ணில் பட்டது. அந்த வகை மாத்திரை சிலருக்குத் தொண்டையில் அரிப்பு மாதிரி இருமலைக் கிளப்பும், சிரப்புக்கு அடங்காது. அதே வகை மாத்திரை போட்ட என் அம்மா இருமலால் ராத்திரியெல்லாம் சுவரோரம் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருந்தார். டெல்மிசார்டான் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றிய மூன்றாம் வாரம்தான் படுத்துத் தூங்கினார். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் ஏறிவிடும். டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். இருமல் அடங்கப் பெரும்பாலும் 1 முதல் 4 வாரம், சிலருக்கு 3 மாதம்கூட ஆகும். அப்புறம், சளியில் ரத்தம், எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம், நாளைக்கே போங்கள்.