ஈர்க்குச்சிக் கட்டும் நண்பகல் நிழலும்: ஆசிரியர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் 35 என்கிறார்கள். கடன் வாங்குவதைப் பலகையில் எத்தனை முறை போட்டாலும் மறுநாள் அதே 35. (ஆசிரியை, குடியாத்தம்)

பதில்: இது கவனக்குறைவு அல்ல. ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறார்கள்: 7-ல் 2 போக 5, 5-ல் 2 போக 3. 'சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது' என்று கீழ் வகுப்பில் நாம் சொல்லித் தந்ததற்கும் இதில் பங்கு உண்டு.

நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் 100 குச்சிகள் கொடுங்கள். உங்கள் ஊரில் மருந்து தோய்க்காத தீக்குச்சி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் விளக்குமாற்று ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடுவது பிள்ளைகள் வேலை. நீங்கள் கட்டித் தந்தால் உள்ளே பத்து இருப்பதை நம்பாமல் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். ஒரு குழு கட்டியதை இன்னொரு குழு சரிபார்க்கட்டும். ஒரு கட்டில் ஒன்பது இருந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

ஒருவர் கடைக்காரர், கையில் 5 கட்டு, 2 உதிரி. இன்னொருவர் 27 கேட்கிறார். 7 உதிரி கொடுக்க வழியில்லை என்று கடைக்காரரே திணற வேண்டும். அப்போது 'கட்டைப் பிரி' என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சற்று நேரத்தில் யாராவது பிரிப்பார்கள். 4 கட்டு, 12 உதிரி. கொடுத்தது போக மீதி 25.

குச்சியில் சரியாகச் செய்தவர்கள் நோட்டில் மறுபடி 35 எழுதுவது, இடையில் ஒரு படியைத் தாண்டுவதால்தான். இரண்டு மூன்று நாள் படமாகப் போடட்டும்: கட்டுக்கு நின்ற கோடு, உதிரிக்குப் புள்ளி. பிரித்த கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி வைத்தபின் எண்ணுக்கு வாருங்கள். 60 – 27 போல ஒன்றின் இடத்தில் பூஜ்யம் வருவதைக் கடைசியில் கொடுங்கள்.

கேள்வி: நிழல், சூரியன் பாடத்துக்குச் செலவில்லாத செயல்பாடு ஒன்று? (ஏழாம் வகுப்பு ஆசிரியர், காட்பாடி)

பதில்: நண்பகலில் சூரியன் தினமும் உச்சந்தலைக்கு மேல் வரும் என்றுதான் பிள்ளைகள் நம்புகிறார்கள். வேலூர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் அது ஆண்டுக்கு இரண்டு முறைதான் நடக்கும்: ஏப்ரல் கடைசி வாரத்தையொட்டி ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒன்று. பள்ளி நடக்கும் ஆகஸ்டே வசதி. மூன்று நாள் முன்பின் ஆனாலும் 30 செ.மீ. குச்சிக்கு நிழல் அரை செ.மீ. அளவுதான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை, மேகம் பற்றிக் கவலை வேண்டாம்.

சமதளத் தரையில் 30 செ.மீ. குச்சியை நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். சாய்ந்த குச்சிதான் பெரும்பாலும் கெடுப்பது. 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி. மிகக் குட்டையான நிழல் 12 மணிக்கு வராது, ஆகஸ்டில் சுமார் 12.17-க்கு வரும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே 79 பாகை அருகில் இருப்பதால் சூரியன் நமக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரே நாளோடு விட்டால் பாதிதான் கிடைக்கும். மாதம் ஒருமுறை அதே இடத்தில் உச்சிவேளை நுனியைப் பெயிண்டால் குறியுங்கள். ஜூன் 21-ல் நிழல் தெற்கே 5.5 செ.மீ. விழும், டிசம்பர் 21-ல் வடக்கே 22 செ.மீ. நிழல் தெற்கே விழும் என்று எதிர்பார்க்கும் பிள்ளை அரிது. ஆகவே அளப்பதற்கு முன் அவர்கள் ஊகத்தை நோட்டில் வரைய வையுங்கள்.

கேள்வி: வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப்போனால் ஓடி விளையாடிவிட்டு வருகிறார்கள். என்ன செய்ய? (எட்டாம் வகுப்பு ஆசிரியை, ராணிப்பேட்டை)

பதில்: முழுக் கோட்டையையும் காட்ட நினைக்காதீர்கள். ஒரே கேள்வியோடு போங்கள்: 1806 ஜூலை 10 விடியற்காலை ஆங்கிலேயர் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து கோட்டையைப் பிடித்தார்கள்; ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையே வந்தார்; அகழியும் மதிலும் தடுக்க, எப்படி உள்ளே போனார்? அகழிக்கரையில் குழுவுக்கு ஒரு தாளில் வாசலையும் மதிலையும் வரைந்து பதில் குறிக்கட்டும். பத்து நிமிடம் போதும். அதன்பின் சொல்லுங்கள்: மதில்மேல் உயிர்தப்பி நின்ற ஆங்கிலேய வீரர்கள் இறக்கிய கயிற்றைப் பிடித்து அவர் மதிலேறினார், பிறகு பீரங்கியால் வாசல் கதவுகள் தகர்க்கப்பட்டன. காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் யாரும் வரைய மாட்டார்கள்.