காய்ச்சல் ஊசி யாருக்கு, எப்போது? வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

மாரி தொடங்கியதும் இன்புளுவென்சா பற்றிய கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

மழை விழுந்தால் வீட்டில் எல்லோருக்கும் தடிமன். இதற்கு ஊசி இருக்கிறதாமே? (கிளிநொச்சி)

தடிமனுக்கு ஊசி இல்லை. மூக்கால் ஓடி, தும்மி, நாலைந்து நாளில் போய்விடுவது வேறு வைரஸ்களின் வேலை. இன்புளுவென்சா திடீரென்று அடிக்கும். காலையில் நன்றாக இருந்தவர் பின்னேரம் கடும் காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி, வறட்டு இருமலோடு படுத்துவிடுவார். காய்ச்சல் விட்ட பிறகும் அலுப்பும் இருமலும் இரண்டு கிழமை இழுக்கும். ஊசி இந்த இரண்டாவதற்கு மட்டும்தான்.

வயலில் வேலை. காய்ச்சலும் உடம்பு நோவும். இப்போது எல்லோருக்கும் ஃப்ளூதானே என்று பனடோல் போட்டுக்கொண்டு இருக்கலாமா? (ஒட்டுசுட்டான்)

ஐயா, தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். காலபோகத்தில் சேற்றில் நிற்பவருக்குக் காய்ச்சல் வந்தால் நான் முதலில் நினைப்பது எலிக்காய்ச்சலை, அடுத்தது டெங்கை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது, அதுவும் எலிக்காய்ச்சல் என்றுதான் தெரியவந்தது.

எலிக்காய்ச்சல் வயலில் இறங்கி ஒன்றிரண்டு கிழமை கழித்தும் வரும். கெண்டைக்காலைத் தொட்டால் கடுமையாக நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறையும். டெங்கில் கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், ஓங்காளிக்கும். தொண்டை நோவும் இருமலும் முன்னுக்கு நின்றால் இன்புளுவென்சா பக்கம் யோசிக்கலாம். ஆனாலும் ஆளைப் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்வது எங்களுக்கே கடினம். வயலில் நிற்பவர் முதல் நாளே வைத்தியசாலைக்குப் போய், 'நான் வயல் செய்கிறவன்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் சிகிச்சையே மாறும். மற்றவர்களும் காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம், 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

பனடோல் பரவாயில்லை. வளர்ந்தவர் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு குளிசை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவருக்கும் உடல் எடை குறைந்தவருக்கும் அதிலும் குறைவு. கடையில் 'நோவுக்கு' என்று கேட்டு அஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் வாங்கிப் போடுவதுதான் பயம். டெங்காக இருந்தால் இரத்தக்கசிவு கூடும்.

அடுத்த முறை வயலில் இறங்கும் முன்னரே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்ளின் கேளுங்கள். எலிக்காய்ச்சலைத் தடுக்க, வாரம் ஒருமுறை போடும் மாத்திரை அது. இலவசமாகக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

மகளின் அட்டையில் 'ஹிப்' என்று எழுதியிருக்கிறது. இன்புளுவென்சா ஊசி அப்போதே போட்டாயிற்று என்றுதானே பொருள்? (மாங்குளம்)

இல்லை, தங்கச்சி. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பழைய காலத்து ஒரு தவறு. 1892இல் பைஃபர் என்ற ஜெர்மன் மருத்துவர், ஒரு பக்டீரியாதான் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று நினைத்தார். அதனால் அந்தப் பக்டீரியாவுக்கு 'ஹீமோஃபிலஸ் இன்புளுவென்சா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் 'பி' வகையின் சுருக்கம்தான் 'ஹிப்'. உண்மையான வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தது 1933இல்தான். 2, 4, 6ஆம் மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் உள்ள ஹிப், அந்தப் பக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல், நியூமோனியாவைத் தடுப்பது. மிகவும் அவசியமான ஊசி, ஆனால் இன்புளுவென்சாவுக்கு உரியது அல்ல.

அப்பாவுக்குச் சீனி, சிறுநீரகமும் பழுது. எனக்கு இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஊசி போடக் காசு காணாது. (வவுனியா)

அப்பாவுக்குப் போடுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம். இலங்கையில் இந்த ஊசி பிள்ளைகளின் வழமையான தடுப்பூசி அட்டவணையில் இல்லை. பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதனால் யாருக்கு வந்தால் ஆபத்து என்று பார்த்து முடிவெடுப்பதுதான் சரி. 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், இதயம், சுவாசப்பை, சிறுநீரகம், நீரிழிவு நோயாளிகள், நோயாளிகளோடு வேலை செய்கிறவர்கள் முன்வரிசை. ஆரோக்கியமான முப்பது வயதுக்காரர் போட்டால் நல்லது, போடாவிட்டால் நான் பதறமாட்டேன்.

வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளிகள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சலில் உடல் நீர் வற்றுவதே பழுதான சிறுநீரகத்துக்குப் பெரிய அடி. அதோடு, 2018இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், இன்புளுவென்சா உறுதியான முதல் கிழமையில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. 'வெறும் காய்ச்சல்' என்று இதை ஒதுக்க என்னால் முடியாததற்கு இதுவும் காரணம்.

ஊசி நூற்றுக்கு நூறு காக்காது. பரவும் வைரஸோடு நன்கு பொருந்தும் ஆண்டிலேயே மருத்துவரிடம் போகுமளவு நோய் வருவதை 40 முதல் 60 வீதம்தான் குறைக்கும். ஆனால் அப்பா அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நிலையையும் அது குறைக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். அடுத்த முறை கிளினிக் கொப்பியோடு போகும்போது அவருடைய டொக்டரிடம் கேளுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். போடலாமா? (முல்லைத்தீவு)

போடலாம், எந்த மாதத்திலும். கர்ப்ப காலத்தில் இன்புளுவென்சா வந்தால் தாய்க்கு மூச்செடுக்க முடியாமல் போகும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். பிறந்து ஆறு மாதம் வரை குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. நீங்கள் போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள்.

போன முறை ஊசி போட்டேன், மூன்றாம் நாள் காய்ச்சல். ஊசிதானே தந்தது? (மன்னார்)

ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் நோயைத் தர முடியாது. கை நோவும் ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சலும் வரலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு கிழமை எடுக்கும். அதற்குள் யாரிடமிருந்தாவது தொற்றியிருக்கும்.

லண்டனில் அக்கா ஒக்டோபரில் போடச் சொல்கிறா. ஒவ்வொரு வருடமும் ஏன்? (புதுக்குடியிருப்பு)

வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது, ஊசியின் பலமும் மாதங்களில் குறைகிறது. 2009இல் நம் சனம் முகாம்களில் இருந்தபோது உலகைச் சுற்றிய எச்1என்1, இன்று சாதாரணப் பருவகால இன்புளுவென்சாவில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் பெப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் ஊசியில் எவை இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறது.

அக்காவுக்குக் குளிர்காலம் ஒன்றுதான். நமக்கு இரண்டு தடவை கூடும், ஆண்டின் நடுவில் ஒன்று, மாரியோடு ஒன்று. அம்மம்மாவை வற்றாப்பளைப் பொங்கல் சனத்துக்குள் கூட்டிப்போவதென்றால் ஒரு மாதம் முன்னர் போட்டுவிடுங்கள். மாரியை நினைத்தால் ஒக்டோபர் சரி. பழைய இருப்பு வேண்டாம், எந்த ஆண்டுக்குரியது என்று பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பாமசியில் வாங்கி ஐஸ் கட்டியோடு பஸ்ஸில் கொண்டுவந்து இங்கே போடலாமா? (துணுக்காய்)

வேண்டாம். 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. ஏ9 வெயிலில் சூடேறினாலும் பழுது, ஐஸோடு ஒட்டி உறைந்தாலும் பழுது. கெட்டுப்போனதைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆளையே கூட்டிப் போய் அங்கேயே போடுவியுங்கள். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் முறை என்றால் நாலு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி, பயணத்தையும் அதற்கேற்ப யோசியுங்கள்.

அன்டிபயோட்டிக் போட்டால் கெதியாக மாறுமா? (பூநகரி)

மாறாது. வைரஸுக்கு அது வேலை செய்யாது. ஒசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு. 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் பயன் அதிகம், ஆபத்து வரிசையில் உள்ளவருக்கு டொக்டர் தருவார். மல்லித்தண்ணி குடியுங்கள், தொண்டைக்கு இதம். மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், ஆள் மயங்கினால், பிள்ளை பால் குடிக்க மறுத்தால், மாறிவந்த காய்ச்சல் திரும்பவும் கூடினால் உடனே வைத்தியசாலை. இரவென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.