பித்தப்பையில் கசடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மார்த்தாண்டம் அக்கா: வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தோம். 'பித்தப்பையில் ஸ்லட்ஜ்' (கசடு) என்று ரிப்போர்ட். வலி எதுவும் இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?

வேண்டாம். புளிக்கரைசல் அடியில் மண்டி தங்குவதுபோல, பித்தநீரிலுள்ள கொழுப்புப் படிகமும் கால்சியம் துகளும் சளியோடு சேர்ந்து அடியில் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேனில் நீங்கள் புரண்டு படுத்தால் மெல்ல நகரும். பித்தக்கல்லைப்போலப் பின்னால் நிழல் விழாது. பாதிப் பேருக்குத் தானாகவே கரைந்துவிடும். சிலருக்கு வந்து வந்து போகும், சிலருக்குத்தான் கல்லாகும். மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறை, 6–8 மணி நேரம் வெறும் வயிற்றோடு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கிவிடும், சரியாகத் தெரியாது.

குலசேகரம்: வீட்டுக்காரர் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போவார். வெறும் சாயாதான், சாப்பிடப் பத்து மணி தாண்டும். காரணம் இதுவா?

பங்கு உண்டு. கொழுப்பும் புரதமும் குடலுக்கு வந்தால்தான் பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும். ராத்திரி எட்டிலிருந்து காலை பத்துவரை பட்டினி கிடந்தால் பித்தநீர் அசையாமல் நின்று கெட்டியாகும். போகுமுன் ஒரு முட்டையோ, பாலோடு இரண்டு மட்டிப்பழமோ போதும். பட்டினி கிடந்து எடை குறைப்பவர்களும் கவனியுங்கள்: வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் கசடு வரும் வாய்ப்பு கூடும்.

தக்கலை: உர்சோ மாத்திரை எழுதித் தந்தார்கள். எத்தனை நாள்?

நாள் கணக்கில் இல்லை, மாதக் கணக்கு. உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் கிலோவுக்கு 8–10 மி.கி. அறுபது கிலோ ஆளுக்கு 300 மி.கி. காலையும் இரவும், சாப்பாட்டோடு. பை நன்றாகச் சுருங்கி விரிந்தால்தான் பலன். கொழுப்புப் படிகம் கரையும்; கால்சியம் சேர்ந்தது கரையாது. வலியே இல்லாதவருக்குப் பெரும்பாலும் தேவையுமில்லை. நிறுத்தினால் திரும்பவும் வரலாம்.

நாகர்கோவில்: மகனுக்கு டைபாய்டுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டபின் ஸ்கேனில் கசடு.

அந்த மருந்து பித்தநீரில் கால்சியத்தோடு சேர்ந்து படியும். ஊசி முடிந்தபின் சில வாரங்களில் பெரும்பாலும் தானே மறையும். அவசரப்பட்டு பித்தப்பையை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். வலி வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

கருங்கல்: ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைக் கற்கள் வெளியே வருகிறதே?

அது கல் இல்லை, குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகித் திரண்டது. வெயிலில் வைத்துப் பாருங்கள், உருகிவிடும். பித்தக்கல் உருகாது. ஒரே மூச்சில் அத்தனை எண்ணெய் குடித்தால் பை பலமாகச் சுருங்கும். உள்ளே நிஜக் கல் இருந்தால் பித்தக்குழாயில் போய் அடைக்கும் ஆபத்து உண்டு.

குளச்சல்: தேங்காய் அரைச்ச மீன்குழம்பை விட வேண்டுமா?

வேண்டாம். ஒரே நேரத்தில் குழம்பு, பொரிச்ச மீன், ஏத்தங்காய் சிப்ஸ் எல்லாம் சேர்ந்தால்தான் வலி கிளம்பும். அளவைக் குறையுங்கள், கொழுப்பே இல்லாமல் சாப்பிட வேண்டாம்.

ஆரல்வாய்மொழி: அம்மாவுக்கு வலியோடு கண் மஞ்சளாகிறது. கீழாநெல்லி கொடுக்கலாமா?

கூடாது, இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். குழாய் அடைத்திருக்கலாம், கீழாநெல்லி அடைப்பை எடுக்காது. சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போவது, நடுக்கத்தோடு காய்ச்சல், ஐந்தாறு மணி நேரம் விடாத வலி, முதுகுக்குக் குத்திப் பாயும் வலி (கணைய அழற்சி): இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறமி), லைபேஸ் (கணைய நொதி) பார்ப்பார்கள். குழாய் அடைப்பு உறுதியானால் முதலில் எண்டோஸ்கோப்பி வழியாக அடைப்பை எடுத்துவிட்டு, பிறகு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுப்பதே வழக்கம்.