தேனீயா, ஈயா?

கேள்வி: பூக்களில் மஞ்சள்-கறுப்புப் பட்டையோடு ஒரு பூச்சி அந்தரத்தில் நின்று பறக்கிறது. இது ஈயா? ஈ என்றால் குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சிறகை எண்ணுங்கள். ஈக்கு ஒரே ஜோடி. பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் சின்னக் குமிழ்தான். தேனீயின் இரண்டு ஜோடியும் கொக்கிகளால் கோத்திருப்பதால் ஒன்றாகத் தெரியும். ஆகவே உணர்கொம்பையும் பாருங்கள். தேனீக்கு நீண்டு, முழங்கைபோல் மடங்கியிருக்கும். நீங்கள் பார்த்ததற்குக் குட்டையாக இருந்தால் பெரும்பாலும் சிர்ஃபிடே (பூ ஈ) குடும்பம். சிறகின் நடுவே இரு முனையும் எதிலும் சேராத பொய் நரம்பு ஓடினால் உறுதி செய்யலாம்.

கொசு வகைகளுக்கு உணர்கொம்பு நீளம், கணுக்கள் பல. அவற்றைப் பிரிப்பது எளிது.

சிரமம் வீட்டு ஈ, பச்சை ஈ கூட்டத்தில்தான். உலோக மினுக்கை மட்டும் நம்பாதீர்கள். வீட்டு ஈயின் மஸ்கிடே குடும்பத்திலும் பச்சை மினுக்கு உண்டு. 10 மடங்கு லென்ஸில் மார்பின் பக்கவாட்டில், பின்காலுக்குச் சற்று மேலே பாருங்கள். அங்கே வரிசையாக முள்மயிர் இருந்தால் அநேகமாக மஸ்கிடே அல்ல. மினுக்கும் இருந்தால் பெரும்பாலும் கலிஃபோரிடே (பச்சை ஈ, நீல ஈ குடும்பம்). சாம்பல் மார்பில் மூன்று கறுப்புக் கோடும் வயிற்றில் சதுரங்கக் கட்டமும் என்றால் சார்கோஃபாகிடே (இறைச்சி ஈ குடும்பம்). மார்பின் பின்நுனித் தகட்டுக்கு அடியில் இன்னொரு புடைப்பு துருத்தினால் டகினிடே (ஒட்டுண்ணி ஈ குடும்பம்).

மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் இந்த முள்மயிர் தெரியாது. பக்கவாட்டுப் படமும் எடுங்கள்.