கோரைக்கு மருந்து: கிழங்கு சாகாமல் தழை மட்டும் கருகினால் பயனில்லை

பெரம்பலூர் மாவட்டத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: "புரட்டாசியில் மக்காச்சோளம், மாசியில் கிணற்றுத் தண்ணீரில் உளுந்து போடுகிறேன். மக்காச்சோளத்தில் அட்ரசினும் 2,4-டியும் அடித்துவிட்டேன். கோரை மறுபடியும் தழைக்கிறது. ரோட்டாவேட்டர் ஓட்டியும் அடங்கவில்லை. என்ன செய்வது?"

அட்ரசின் விதையிலிருந்து முளைக்கும் களைக்கான மருந்து. கோரை கிழங்கிலிருந்து வருகிறது. 2,4-டி தழையைக் கருக்கும், கிழங்கை விட்டுவிடும். ரோட்டாவேட்டர்தான் பெரிய கெடுதல். மண்ணுக்குள் கோரைக்கிழங்குகள் சங்கிலிபோல் கோத்திருக்கும். நுனிக்கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். சங்கிலியை அறுத்தால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும்.

உங்கள் சுழற்சியில் கோரையை அடிக்க ஏற்ற பருவம் மக்காச்சோளம்தான். ஹாலோசல்பியூரான் மெத்தில் 75 சதவீதக் குருணை மருந்தை ஏக்கருக்கு 36 கிராம், 150 முதல் 200 லிட்டர் நல்ல தண்ணீரில் கலந்து தெளியுங்கள். கோரை மூன்று முதல் ஐந்து இலை விட்டிருக்க வேண்டும். அதற்கு முன் தெளித்தால் மருந்தை உள்வாங்கத் தழை போதாது. தாமதித்தால் புதுக்கிழங்கு வைத்துவிடும். தெளித்த பிறகு இரண்டு வாரமாவது களைக்கொத்தைத் தொடாதீர்கள். மருந்து கிழங்குவரை இறங்க அவகாசம் வேண்டும். மஞ்சளாகிச் சாக நாளாகும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி அடித்துவிடாதீர்கள். மக்காச்சோளத்தில் பயறு ஊடுபயிராக இருந்தால் இந்த மருந்தும் வேண்டாம், அட்ரசினும் வேண்டாம்.

அடுத்து உளுந்து வருவதால், மருந்து அடித்து எத்தனை நாள் கழித்து அடுத்த பயிரை விதைக்கலாம் என்று லேபிளில் சொல்லியிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். மாசிக்கு முன்பே அந்த வயலில் ஒரு சிறு பாத்தியில் உளுந்து தூவி, முளைத்து இரண்டு மூன்று இலை விடுவதைப் பார்த்துவிட்டு முழு வயலையும் விதையுங்கள். குன்றி நின்றால் இந்த முறை உளுந்துக்குப் பதில் சோளம் போடுங்கள். அது இம்மருந்தைத் தாங்கும்.

கடைக்காரர் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை எடுத்துத் தரக்கூடும். அது பயிரையும் சேர்த்துக் கொல்லும். தவிர, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டிருக்கிறது.

உளுந்து அறுத்ததும் கத்திரி வெயிலில் கொத்துக்கலப்பையால் கட்டி பெயர உழுது போடுங்கள். கிழங்கு மேலே வந்து காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பாதி காய்ந்த நிலையில் தண்ணீர் பாய்ச்சினால் உயிர்பிடித்துக்கொள்ளும். கோரை நிழலுக்கு அடங்கும் களை, ஆகவே புரட்டாசியில் மக்காச்சோளத்தைச் சந்து விடாமல் விதையுங்கள்.

பக்கத்துக் காட்டில் பருத்தி இருந்தால் 2,4-டி பக்கமே போகாதீர்கள். காற்றில் போகும் சிறு திவலைகூடப் பருத்தி இலையைச் சுருட்டிவிடும்.