மூன்றாவது புரூஃபில் திரும்பி வந்த அண்ணன்

கேள்வி: டவுன் பஸ் பிடித்து மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன். வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். சிறுகதை எழுத ஆசை. ஆனால் என் வாழ்க்கையில் எதுவுமே நடப்பதில்லை. கருவை எங்கே தேடுவது?
– வாசகி, ஊமச்சிகுளம்

பதில்: நான் சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்தில் பதினேழு வருஷம் புரூஃப் பார்த்தவன், அதாவது அச்சடிக்கும் முன் எடுக்கும் மாதிரித் தாளில் பிழை திருத்தியவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் நான் வாசித்த இலக்கியம். ஒரு தடவை பெண்ணின் தகப்பனார் ஒருவர் பத்திரிகை அடிக்க வந்தார். முதல் புரூஃபில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே அவருடைய அண்ணன் பெயர் முதலில் இருந்தது. மறுநாள் வந்து அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் அந்தப் பெயர் திரும்ப வந்தது, தாய்மாமன்கள் எல்லோருக்கும் கீழே, கடைசியாக.

இடையில் இரண்டு ராத்திரி. அந்த வீட்டில் யார் யாரிடம் என்ன பேசியிருப்பார்கள்? கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஒரு வரியில் சொல்லி முடித்திருப்பார். நானும் ‘அப்படியா’ என்றுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். கேட்காததால் ஆறு மாதம் மண்டையைக் குடைந்தது. என் முதல் கதை அதுதான். (அச்சில் வந்தபோது ஏழு எழுத்துப்பிழை. புரூஃப் பார்த்தது நானே.)

சரி, உங்கள் கடைக்கு வருவோம். நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தினார்கள். உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா? எங்கே, பில் போடும் இடத்திலா, சேலை அடுக்குக்குப் பின்னாலா? முதலாளி படியேறும் சத்தம் கேட்டதும் முதலில் எழுந்திருப்பது யார்? எழுந்திருக்காதவர் யாராவது உண்டா? உண்டென்றால் அவரை எனக்கு இப்போதே பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

குறித்து வைக்க நோட்டு வேண்டாம். பஸ்ஸில் உங்களுக்குத் தரும் கட்டணமில்லா டிக்கெட்டின் பின்பக்கம் போதும். ‘ஸ்டூல். பெரியக்கா. எழுந்திருக்கவில்லை.’ அதற்கு மேல் இடமும் இருக்காது, நல்லதுதான்.

கேள்வி: கதைக்காக ஊர் ஊராகச் சுற்ற வேண்டுமா?
– வாசகர், மேலூர்

பதில்: கையில் காசிருந்தால் சுற்றுங்கள். எனக்குத் தெருமுனையே தீரவில்லை. அங்கே ஓர் அம்மா மல்லிகைப்பூ விற்கிறார். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கிலோ கணக்கில் எடுத்து வந்து, கட்டி, முழக் கணக்கில் விற்பது. முழம் என்றால் அவரவர் கை முழம்தான், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. அம்மா குள்ளம், மகள் நெட்டை. மகள் உட்காரும் சாயங்காலங்களில் கூடையைச் சுற்றிக் கூட்டம் நெரியும். ஏன் என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

போன மாதத்திலிருந்து மகள் விரலை மடக்கி அளக்கிறாள்.