மடக்குக் கத்தியில் திருப்புளிக்கும் பூட்டு எதற்கு?

பல்கருவிக் கத்தியில் அலகு திறந்தபின் மடங்காதபடி பூட்டிக்கொண்டால் போதாதா, திருப்புளிக்கும் துளையூசிக்கும் பூட்டு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அவற்றுக்குத்தான் முதலில் வேண்டும். நறுக்கும்போது அழுத்தம் அலகைத் திறந்த நிலையிலேயே வைத்திருக்கும். ஆனால் துளையூசியால் தோல்பொருளில் துளையிடும்போது கை சற்றுச் சாய்ந்தாலும் ஊசி மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். திருப்புளிக்கும் இதே ஆபத்துதான். பிடியின் முதுகுப்பக்கம் கருவியை அழுத்திப் பிடிக்கும் வெறும் ஸ்பிரிங் அதைத் தடுக்காது.

லைனர் லாக் வகையில், பிடிக்குள் உள்ள மெல்லிய உலோகத் தகடு, கருவி முழுதாகத் திறந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து அதன் அடிக்கட்டைக்கு முட்டுக்கொடுக்கும். மடக்கும்போது தகட்டைத் தள்ளும் கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கிறது. அலகு அசைந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸின், மடக்கிய நிலையில் 91 மி.மீ. நீளமுள்ள வழக்கமான கத்திகளில் பூட்டு கிடையாது; 111 மி.மீ. வகையில் பெரிய அலகு பூட்டிக்கொள்ளும்.